லாக் வரியில் ஃபங்ஷன் பெயர்: கம்பைலரிடம் எப்படிக் கேட்பது?

ஒருமுறை லாகில் (நிரல் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவில்) 'சேமி' என்ற ஃபங்ஷன் பெயரைப் பார்த்து, அந்த ஃபங்ஷனையே இரண்டு மணி நேரம் குடைந்தேன். பிழை இருந்ததோ அதிலிருந்து நகலெடுத்து எழுதிய 'திருத்து' என்ற ஃபங்ஷனில். லாக் செய்திக்குள் கையால் எழுதியிருந்த பழைய பெயரை யாரும் மாற்றவில்லை. பெயரைக் கையால் எழுதக் கூடாது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடமே கேட்டு வாங்க வேண்டும் என்று அன்றிலிருந்து பிடிவாதமாக இருக்கிறேன்.

சி மொழியில் யோசிக்கவே வேண்டாம்: சிறிய எழுத்தில் __ஃபங்க்__. 1999ஆம் ஆண்டுத் தரத்தில் வந்தது. பலரும் நினைப்பதுபோல் இது மேக்ரோ (கம்பைலருக்குப் போகும் முன்பே வேறு உரையாக மாற்றப்படும் பெயர்) அல்ல. எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறோம் என்பது அந்த மாற்றத்தைச் செய்யும் ப்ரீபிராசஸருக்குத் தெரியாது. அதனால் ஃபங்ஷனின் தொடக்க அடைப்புக்குறிக்குப் பின் ஒரு மாறிலி எழுத்து அணியை அறிவித்ததுபோல் கம்பைலர் நடந்துகொள்கிறது. பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் எழுதிய சரத்தை (எழுத்துத் தொடரை) வைத்து ஒட்ட முயன்றால் பிழைதான் வரும்.

பெரிய எழுத்து __ஃபங்ஷன்__ எனக்குப் பிடிக்காதது. விஷுவல் சி++ கம்பைலரில் அது ஒட்டக்கூடிய சரம், வகுப்பின் பெயரையும் சேர்த்துத் தரும். ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் வெறும் பெயர். சி நிரலில் 3.3 பதிப்பு வரை சரமாக இருந்து, பிறகு மாறியாகிவிட்டது. ஒரே நிரல், இரண்டு விதமான லாக்.

சி++இல் வெறும் பெயர் போதாது. ஒரே பெயரில் மூன்று ஃபங்ஷன்கள் இருந்தால் மூன்றும் ஒன்றுபோலவே பதிவாகும். பெயரில்லாத ஃபங்ஷனான லாம்ப்டாவுக்குள் __ஃபங்க்__ தருவது 'ஆபரேட்டர்()' மட்டுமே. இங்கே ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களிலும் உள்ள __பிரெட்டி_ஃபங்ஷன்__ கைகொடுக்கும்: திருப்பித் தரும் வகை, வகுப்பு, அளவுருக்கள் எல்லாம் வரும். விஷுவல் சி++இல் அதற்கு ஈடு __ஃபங்க்சிக்__. ஆனால் மூன்று கம்பைலர்களும் எழுதும் முறை வேறு வேறு. டெம்ப்ளேட்டில் (பல வகைகளுக்கும் பொதுவாக எழுதிய நிரலில்) நிரப்பிய வகையை ஜிசிசி 'வித் டி = இன்ட்' என்றும் கிளாங் 'டி = இன்ட்' என்றும் காட்டும். மனிதர் படிக்க மட்டுமே இதை வைத்துக்கொள்ளுங்கள், சோதனைகளில் ஒப்பிடாதீர்கள்.

புது நிரலுக்கு என் தேர்வு சி++20இன் சோர்ஸ்_லொகேஷன். லாக் ஃபங்ஷனுக்குள் __ஃபங்க்__ எழுதினால் அந்த லாக் ஃபங்ஷனின் பெயரே வரும். அதற்காகத்தான் எல்லோரும் லாக் அழைப்பை மேக்ரோவுக்குள் வைத்தார்கள். சோர்ஸ்_லொகேஷனை லாக் ஃபங்ஷனின் அளவுருவுக்கு இயல்பு மதிப்பாக வைத்தால், அழைத்தவரின் கோப்பு, வரி, பெயர் மூன்றும் மேக்ரோ இல்லாமலே கிடைக்கின்றன. பெயரின் வடிவம் இதிலும் கம்பைலரின் விருப்பம்தான். கோப்பும் வரியும் கூடவே இருப்பதால் அது என்னைத் தடுக்கவில்லை.