கேஜா, ஃபெல்ட்மனா? வீட்டுப் பியானோவுக்கு எது ஒத்துவரும்

என்னிடம் இருப்பது அப்ரைட் பியானோ, சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை. புதுமை இசையில் பெரிய படைப்பு ஒன்றைக் கற்றுக்கொள்ள நினைத்தபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: ஜான் கேஜின் ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ (1946–48), மார்ட்டன் ஃபெல்ட்மனின் ‘பலே த மாரி’ (1986). நான் எடுத்தது ஃபெல்ட்மனை.

இருவரும் அமெரிக்க இசையமைப்பாளர்கள், நியூயார்க் நண்பர்கள், ஓவியர்களோடு புழங்கியவர்கள். கடைச் சாமானையே கலையென்று வைத்த மார்செல் டூஷாம்பை நேசித்தவர் கேஜ். திருகாணியையும் ரப்பரையும் கம்பிகளுக்கிடையே செருகிப் பியானோவைத் தாளவாத்தியக் குழுவாகவே மாற்றிவிட்டார். இந்திய இசைக்கலைஞர் கீதா சாராபாயிடம் நம் இசை கற்றவர். நவரசங்களும் அவை சாந்தத்தை நாடுவதும்தான் இப்படைப்பின் கரு என்பதால் நமக்குச் சட்டென்று ஒட்டும்.

சிக்கல் பராமரிப்பில்தான். மொத்தம் 45 ஸ்வரங்களுக்குச் செருக வேண்டும். எந்தப் பொருள், எந்தக் கம்பிகளுக்கு நடுவே, டேம்பரிலிருந்து (கம்பியின் ஒலியை அடக்கும் பகுதி) எத்தனை அங்குலம் என்று அட்டவணையே உண்டு; எல்லாம் கம்பிகள் படுக்கையாகக் கிடக்கும் கிராண்ட் பியானோவுக்கான அளவுகள். அப்ரைட்டில் கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்பதால் செருகியது நழுவி உள்ளே விழலாம். அதைவிட முக்கியம் இடது பெடல். கிராண்டில் அதை மிதித்தால் சுத்தியல்கள் பக்கவாட்டில் நகர்ந்து ஒரு ஸ்வரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அடிக்கும். ஒலியின் குணமே மாறும். கேஜ் அதை நம்பி எழுதியிருக்கிறார். அப்ரைட்டில் சுத்தியல் கம்பியை நெருங்கி வரும், அவ்வளவுதான். செருகியிருக்கும் வரை வீட்டில் வேறு யாரும் அதில் பாடம் படிக்கவும் முடியாது.

ஃபெல்ட்மனுக்கு எதையும் செருக வேண்டாம். ஓவியர் ரோத்கோவின் ஹூஸ்டன் தேவாலயத்துக்காக இசை எழுதியவர், ஓவியர் ஃபிலிப் கஸ்டனின் நண்பர், துருக்கியின் அனதோலியக் கம்பளங்களில் மயங்கியவர். ‘பலே த மாரி’யிலும் கம்பள நெசவு தெரிகிறது: ஒரு சிறு ஸ்வரக் கோவை மெல்ல ஒலித்துக் கரைகிறது, திரும்பி வரும்போது ஒரு ஸ்வரமோ கால அளவோ லேசாகப் பிசகியிருக்கும். சுமார் 25 நிமிடம் இப்படியே.

செலவு இதிலும் உண்டு, அது ட்யூனிங்குக்கு. ஒரு ஸ்வரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்று இறங்கினாலும் நீண்டு கரையும் ஒலியில் அலையடிப்பது கேட்டுவிடும். அவ்வளவு மெதுவாக அழுத்தும்போது சில கட்டைகள் பேசாமலே போகும். ட்யூனரிடம் அதையும் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு எல்லா இசைக்கும் உதவுகிறது.

கிராண்டில் கேஜை வாசித்த அனுபவம் எனக்கில்லை. கிராண்ட் கைவசம் உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். அவர்கள் ஐந்தாம் சொனாட்டாவில் தொடங்கலாம். சிறியது, செருக வேண்டியதும் குறைவு.