புழுதி மாஸ்க்கும் ஒரு வால்வும்: மண்பாதை பைக் பயண அனுபவம்

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம், நாசரேத் பக்கத்தில், தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் பாதைகளில் அண்மையில் பைக் ஓட்டத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், நான் நெடுநாளாக அணிந்துவரும் மாஸ்க்கையே தானும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். நியோபிரீன் என்ற மெத்தென்ற ரப்பர் துணியாலான கூடு, உள்ளே கழற்றி மாற்றும் ஃபில்டர், இரண்டு பக்கமும் மூச்சு வெளியேறும் வால்வு என்ற விவரங்களையெல்லாம் அவரே படித்துவிட்டார். நான் சொல்ல வேண்டியிருப்பது அந்த வால்வைப் பற்றித்தான்.

அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுவதே நியாயம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக்காற்று இறங்கி வீசும் நாட்களில், பனங்காட்டு வண்டித்தடத்தில் முன்னால் போகும் பைக் கிளப்பிவிடும் செம்மண்ணுக்குள் பின்னால் வருபவர் மூச்சுவிட்டாக வேண்டும். கழுத்திலிருந்து மூக்குவரை இழுத்துவிடும் குழல்துணி அந்த மண்ணின் பருமணலைத் தடுக்கும், பொடியைத் தடுக்காது. இந்த மாஸ்க் இரண்டையும் தடுத்தது. வெளிவிடும் மூச்சு வால்வு வழியாகப் பக்கவாட்டில் போய்விடுவதால், முதல் கியரில் மணல்மேடு ஏறும்போதுகூடக் கண்ணாடியில் ஆவி படியவில்லை. வால்வு இல்லாத மாஸ்க்கில் அந்த ஆவி மூக்குத்தண்டின் ஓரமாக மேலேறி, பாதை தெளிவாகத் தெரிய வேண்டிய நேரத்தில் கண்ணாடியை மறைத்துவிடும்.

உண்மையில் தேரிச் செம்மண்ணைவிட எனக்கு அச்சம் தருவது, ஜல்லி கிரஷருக்கு லாரிகள் போய்வரும் பாதையில் படிந்திருக்கும் வெளிர்சாம்பல் பொடிதான். இரும்பு ஆக்சைடு பூசிய தேரி மணல் கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிந்தாலும் பெரும்பகுதி பருமணல் என்பதால் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். கருங்கல்லை உடைத்த பொடியில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா கனிமம் இருக்கிறது; அதன் நுண்துகள் லாரி போன பிறகும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். பத்து மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தூசியில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும்; நான்கு மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டது நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். கல்குவாரித் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருவது இந்தத் துகளால்தான். எப்போதாவது அவ்வழியே போகும் நமக்கும் நாள் முழுவதும் அங்கேயே நிற்கும் அவர்களுக்கும் ஆபத்து ஒன்றல்ல என்றாலும், பைக்கின் ஏர் ஃபில்டரைத் தவறாமல் கழற்றிச் சுத்தம் செய்பவர் தன் மூச்சுக்கும் அந்த அக்கறையைக் காட்டுவது அவசியம் என்றே நினைக்கிறேன்.

இனி வால்வுக்கு வருகிறேன். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு மெல்லிய ரப்பர் மடல் ஒன்று தெரியும். மூச்சை விடும்போது திறந்து, இழுக்கும்போது தன் விளிம்பில் அமர்ந்து மூடிக்கொள்வதே அதன் வேலை. மூச்சின் ஈரம் அந்த விளிம்பில் படிய, அதன்மேல் புழுதி ஒட்ட, சில மணி நேர ஓட்டத்திலேயே சிவப்பான சேற்று வளையம் ஒன்று உருவாகிவிடுகிறது. அதன்மேல் மடல் சரியாக உட்காருவதில்லை. மயிரிழை இடைவெளிதான்; ஆனால் தடுப்பு எங்கே குறைவோ அங்கேதானே காற்று நுழையும்? ஃபில்டரைத் தொடாமலே புழுதி உள்ளே வருகிறது. மூச்சை வேகமாக இழுக்கும்போது மாஸ்க் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளாவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு வால்வு மூடியை அழுத்துவதும், பின்கழுத்து வெல்க்ரோ ஹெல்மெட்டின் உட்துணியில் மாட்டிக்கொள்வதும் சின்னத் தொல்லைகள், அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து நான் காப்பாற்றிவந்த மடல் ஒன்று ஓரம் சுருண்டுவிட்டது. மாற்று வால்வு கேட்டு எழுதினால், வால்வு தனியாகக் கிடைக்காது, முழு மாஸ்க்கையே வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. கூடு கிழியவில்லை, ஃபில்டர் புதியது, நாணயத்தைவிடச் சிறிய ரப்பர் துண்டுக்காக எல்லாவற்றையும் தூக்கிப்போடச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இதை வாங்க வேண்டாம். தூசி மாஸ்க்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள, அதில் எஃப்.எஃப்.பி.2 என்ற வடிகட்டும் தரப்பிரிவைச் சேர்ந்த, வால்வு வைத்த மடிப்பு மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றிப் போடும் பட்டையே முகத்தோடு இறுகும். அதன் வால்விலும் மண் சேரும். ஆனால் சேர்ந்ததும் மாஸ்க்கையே மாற்றிவிடலாம், விலை உறுத்தாது. அதைச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள். அதன் இழைகளில் இருந்து நுண்துகளை இழுத்துப் பிடிக்கும் நிலைமின்னூட்டம் போய்விடும். கார்பன் அடுக்கு என்று கூடுதல் விலை சொன்னால் அது நாற்றத்துக்குத்தான், புழுதிக்கு அல்ல. தாடி வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் ஓரத்தில் கசியும்.

இத்தனை சொன்ன பிறகும், வால்வு சுத்தமாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் இதைப் போல முகத்தில் பொருந்தும் வேறொரு மாஸ்க்கை நான் அணிந்ததில்லை. அந்த வால்வைத் தனியாக விற்கத் தொடங்கினால் மறுநாளே என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.