பட்டமா, கனவு வேலையா? பாதியில் நிற்கும் படிப்பை வைத்து ஓர் அலசல்

இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் இருந்தபோது, படங்களை வெட்டித் தொகுக்கும் ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளராகச் சேர எனக்கு வாய்ப்பு வந்தது. பட்டத்தை வாங்கிய பிறகுதான் போனேன். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். முடித்துவிட்டுப் போங்கள் என்ற பக்கம்தான் என் சாய்வு.

எல்லாரும் சொல்வதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பட்டம் பாதுகாப்பு, பிடித்த வேலை திருப்தி. இரண்டும் உண்மைதான், இரண்டையும் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்ஸும் சக்கர்பெர்க்கும் பாதியில் விட்டவர்கள்தானே என்ற வாதமும் அந்த ரகம்தான். 1975-ல் கேட்ஸ் ஹார்வர்டிலிருந்து வெளியேறிய நேரத்தில் மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருளுக்கு வாடிக்கையாளர் இருந்தார். 2004-ல் சக்கர்பெர்க் கிளம்பும்போது ஃபேஸ்புக் பல கல்லூரிகளில் பரவியிருந்தது. ஓடத் தொடங்கிவிட்ட வண்டியில் ஏறிப் போனவர்கள் அவர்கள். நம்மில் பெரும்பாலோர் வண்டி வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

கனவு வேலையின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கைத்தொழில் சார்ந்த துறைகளில் சீக்கிரம் நுழைபவருக்குக் கை சீக்கிரம் பழகும். எனக்குக் கொடுத்த முதல் வேலை, படத்தோடு ஒலியைச் சேர்ப்பது. ஷாட் தொடங்கும்போது கேமரா முன் தட்டும் கிளாப் பலகை மூடும் ஃபிரேமைத் தேட வேண்டும். ஒலியலையில் அதே நொடியில் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து நிற்கும். இரண்டையும் நேர்கோட்டில் வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கிளிப்புக்கும் பெயர் வைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். இதற்கு வெப்ப இயக்கவியல் தேவைப்படவில்லை. என் சான்றிதழை அந்த அறையில் யாரும் கேட்டதும் இல்லை. தொழிலுக்குள் பட்டத்தின் மதிப்பு பூஜ்யம் என்று ஒருவர் சொன்னால், என் துறையைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியிருந்தும் படிப்பு பக்கம் சாய ஒரே ஒரு காரணம்தான்: திரும்பி வரும் வழி. இரண்டில் எதைத் தள்ளிப்போட்டால், பிறகு வந்து எடுத்துக்கொள்வது சுலபம்?

பரீட்சை முடிந்து வரலாமா என்று எடிட்டரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "வா, இந்த வேலை எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார். அவர் சொன்னபடியே, நான் போன நேரத்திலும் ஒலி சேர்க்காத கிளிப்புகள் குவிந்துதான் கிடந்தன. அந்த இடத்துக்கு வேறொரு பையன் வந்திருந்தால்கூட, பக்கத்து அறையில் இன்னொரு எடிட்டருக்கு ஆள் தேவைப்பட்டிருக்கும்.

கல்லூரிப் பக்கம் கதை வேறு. என்னோடு படித்த ஒருவன் இரண்டு செமஸ்டர் பாக்கி இருக்கும்போது அனிமேஷன் வேலைக்குப் போனான். சில வருடம் கழித்துத் திரும்பி வந்தால், பாடத்திட்டம் மாறிவிட்டிருந்தது. அவன் எழுத வேண்டிய இரண்டு தாள்கள் இப்போது இல்லவே இல்லை. அவற்றுக்கு ஈடான தாள் எது என்று முடிவாவதற்கே மாதக்கணக்கில் அலைந்தான். பழைய துறைத்தலைவர் போய்விட்டார், புராஜெக்ட்டுக்கு வழிகாட்ட ஆள் கிடைக்கவில்லை. பாடம் கஷ்டம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பில் எல்லாரும் தன்னை 'அண்ணா' என்று கூப்பிடுவதுதான் தாங்கவில்லை என்பான். படிப்பை இத்தனை வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற உச்சவரம்பு பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அதைத் தாண்டினால், தேறிய தாள்களும் கணக்கில் வராமல் போகலாம்.

வசதியும் புகழும் உள்ளவர்களுக்கே இந்த வழி நீளமானது. 1960-களின் கடைசியில் படிப்பை விட்ட திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் பட்டம் வாங்கியது 2002-ல். குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, வானியற்பியல் ஆய்வைப் பாதியில் வைத்துவிட்டு மேடைக்குப் போனவர். 2007-ல்தான் முனைவர் ஆனார். சூரிய மண்டலத்துத் தூசி பற்றிய அவருடைய தலைப்பில் இடைப்பட்ட வருடங்களில் பெரிதாக ஆய்வு நடக்காததால், பழைய வேலையைத் தூசி தட்டி எடுக்க முடிந்தது. எல்லாத் தலைப்புக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. தொழிலுக்குள் கேட்கப்படாத பட்டம், தொழிலை விட்டு நகரும்போது கேட்கப்படும். முதுகலையில் சேர, பெரும்பாலான அரசுத் தேர்வுகளை எழுத, வெளிநாட்டில் வேலை அனுமதி வாங்க. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடான தகுதியோ வேண்டும். பட்டம் இல்லாதவர் அனுபவத்தைக் காட்டலாம்தான், ஆனால் குறைகிற ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் 3 வருட வேலை அனுபவம் என்பது கணக்கு. கடைசி வருடத்தை விட்டுவிட்டுப் போனவருக்கு அது எவ்வளவு விலை என்று பாருங்கள்.

சரி, எப்போது என் கட்சி தோற்கும்? வயது காத்திருக்காத துறைகளில். ஜிம்னாஸ்டிக்ஸ், கால்பந்து, பாலே நடனம் போன்றவற்றில் இருபதுகளின் தொடக்கத்தைத் தொலைத்தால் அது திரும்பாது. படிப்பைத்தான் ஒத்திவைக்க வேண்டும். கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் 1992-ல் கல்லூரியை விட்டு, 2000-ல் பட்டத்தை முடித்தார். விளையாட்டுத் துறையை நான் வெளியிலிருந்து பார்ப்பவன், அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். முதல் வருடத்திலேயே படிப்பு பிடிக்கவில்லை என்பவருக்கும் என் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. மிச்சம் இருக்கும் காலம் நீள நீள, காத்திருப்பதன் விலையும் ஏறுகிறது. ஒரு வருடம் பாக்கி என்றால் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு என்றால் யோசிப்பேன். மூன்று என்றால் உங்களிடம் வாதாட மாட்டேன்.

இரண்டையும் சேர்த்தே செய்யலாமே என்றால், முடிந்தவர்கள் இருக்கிறார்கள். நடாலி போர்ட்மேன் நடித்துக்கொண்டே படித்து 2003-ல் ஹார்வர்டில் உளவியல் பட்டம் பெற்றார். நான் இரவில் குறும்படம் வெட்டி, காலையில் லேபில் தூங்கி விழுந்தேன். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

போவதென்று முடிவே செய்துவிட்டீர்களா? சும்மா வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். தற்காலிக விடுப்பு தருவார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள் செல்லும், திரும்பும்போது எந்தப் பாடத்திட்டம் பொருந்தும் என்று அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். தேறிய ஒவ்வொரு தாளுக்கும் மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட நகலையும் முத்திரை போட்டு வாங்கி வையுங்கள். வேறு கல்லூரியில் சேர்ந்து மிச்சத்தை முடிக்க நினைத்தால், எதைப் படித்தீர்கள் என்று அவர்கள் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.