கோரல் நிறக் கலியாணக் காட்: 68,000 ரூபா போச்சு, கவனம்

யாழ்ப்பாணத்தில கலியாணம், சாமத்தியவீடு எண்டு காட் அடிக்கிற யோசனையில இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டுக் காசைக் கட்டுங்கோ. என்னென்ன கவனிக்கோணும் எண்டு கடைசியில விளக்கமா எழுதுறன். முதல் நடந்ததைச் சொல்லோணும், இல்லாட்டி எனக்கு இண்டைக்கு நித்திரை வராது.

தங்கச்சியின்ர ரிசெப்சன் சாறி கோரல் நிறம். ரோசாவும் செம்மஞ்சளும் கலந்த நிறம், சோடினையில இருந்து கேக் வரைக்கும் இப்ப எங்க பாத்தாலும் அதுதான். நிறங்களுக்குப் பேரும் இலக்கமும் குடுக்கிற பான்டோன் நிறுவனம் 2019இல அதை வருசத்து நிறம் எண்டு அறிவிச்சது. இஞ்ச ஆறுதலாத்தான் வந்து சேந்தது, வந்தது போற மாதிரியும் இல்லை. காட்டும் அதே நிறத்தில வேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டாள்.

முகநூலில பேஜ் வச்சு டிசைனும் பிரிண்டும் செய்து தாற ஒரு இடம். ரவுணுக்குள்ள சின்ன ஒஃபிசும் இருக்கு. நானும் அம்மாவும் பிளவுஸ் துண்டோட நேரில போனனாங்கள். அங்க இருந்த தம்பி துண்டை லப்டொப் திரைக்குப் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தினார். ரெண்டும் ஒண்டாகின நேரம் அம்மாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. "நீங்கள் யோசிக்காதேங்கோ அம்மா, நிறத்துக்கு நான் பொறுப்பு" எண்டார். அம்மா அதிலேயே விழுந்திட்டா. 400 காட், ஒண்டு 170 ரூபா, மொத்தம் 68,000. ஒண்டை அடிச்சுக் காட்டுங்கோ எண்டு கேட்டதுக்கு, முழுக்காசையும் கட்டினால் உடன மெசினில ஏத்தலாம், சாம்பிளை வட்ஸ்அப்பில போடுறன் எண்டார். வந்தது படம். திரையில பாத்த அதே படம்!

பெட்டியைப் பிரிச்சால் பழைய ஓட்டு நிறம். அதுக்கு மேல மெல்லிசா வெள்ளை எழுத்து. மை உள்ள ஓடிப் புள்ளியெல்லாம் அடைபட்டு, "சுபமுகூர்த்தம்" இருக்கவேண்டிய இடத்தில "சுபமுகூரததம". மாப்பிளையின்ர அப்பாவின்ர பேரிலயும் புள்ளியைக் காணேல்லை. சம்பந்தி வீட்டுக்கு இதை என்னெண்டு கொண்டுபோறது?

எடுத்துக் கேட்டால், "ரியூப் லைற்றில அப்பிடித்தான் தெரியும், வெயிலில பாருங்கோ" எண்டார். முத்தத்தில பிடிச்சுப் பாத்தம், இன்னும் மோசம். பேந்து, உங்கட ஃபோனில வெளிச்சம் கூட எண்டார். பேந்து, அடிச்சது கொழும்பில, அவையோட கதைக்கிறன் எண்டார். கடைசியா பில்லுக்குப் பின்பக்கம் பாக்கச் சொன்னார்: "நிறம் சிறிது வேறுபடலாம்". சிறிதாம். 68,000 ரூபாவுக்குச் சிறிது! இப்ப ஃபோன் எடுக்கிறதே இல்லை. ஆனா எங்கட காட் அவையின்ர பேஜில பளபளவெண்டு கிடக்குது. கனடாவில இருக்கிற மாமி அதுக்கு "நல்ல வடிவு" எண்டு வேற போட்டிருக்கிறா.

ஸ்டான்லி வீதிப் பக்கம் பழைய அச்சகம் ஒண்டில காட்டினம். அந்த ஐயா லாச்சியில இருந்த, பெருசாக்கிக் காட்டுற வில்லையைக் காட்டில வச்சு, "நீங்களும் பாருங்கோ பிள்ளை" எண்டார். மெஜந்தா எண்ட கடும் ரோசாப் புள்ளி, மஞ்சள் புள்ளி, இடையில நீல மையும் கறுப்பு மையும். இந்த நிறத்துக்கு மெஜந்தாவும் மஞ்சளும்தான் உயிராம், நீலம் கொஞ்சம் விழுந்தாலே அழுக்காக்கிப் போடுமாம். திரை மூண்டு வெளிச்சத்தைக் கலந்து நிறம் காட்டுது, ஒவ்வொண்டுக்கும் உச்சம் 255. கோரலுக்குச் சிவப்பு 255, பச்சை 127, நீலம் 80. மைக்கு அந்த வெளிச்சம் எங்கால? ஃபைலைச் சிஎம்வைகே எண்ட நாலு அச்சு மைக் கணக்குக்கு மாத்தி, நீலத்தையும் கறுப்பையும் கையால எடுத்துவிட்டு, மினுக்கமான அட்டையில அடிச்சிருந்தால் கிட்டவாவது வந்திருக்கும். இவை அடிச்சது மை குடிக்கிற சொரசொரத்த அட்டை. வெள்ளை எழுத்தைப் பற்றி வெப் டிசைன் செய்யிற என்ர மச்சாள் கணக்குப் பாத்துச் சொன்னாள்: கோரலுக்கும் வெள்ளைக்கும் வெளிச்ச வேறுபாடு 2.5க்கு 1தானாம். இணையத்தளத்தில சாதாரண எழுத்துக்கே குறைஞ்சது 4.5 வேணும். கறுப்பு எண்டால் 8க்கு மேல வரும். திரையிலயே காணாது எண்டால் அட்டையில எப்பிடி?

சரி, கவனிக்கவேண்டியது. அட்டையிலயே அடிச்ச சாம்பிளைக் கையில வாங்காமல் முழுக்காசு கட்டாதேங்கோ. என்ன அட்டை எண்டு பில்லில எழுத வையுங்கோ. சின்ன எழுத்தைக் கறுப்பில கேளுங்கோ. "நான் பொறுப்பு" எண்டால் அதையும் எழுதி வாங்குங்கோ. இன்னும் கனக்க எழுத இருந்தனான், ஆனா அந்த அச்சக ஐயா இப்ப புதுசா அடிக்கிற வெள்ளைக் காட்டுக்குப் புறூஃப் (அடிக்க முதல் சரிபாக்கிற மாதிரி) அனுப்பியிருக்கிறார், பாக்கோணும். அதுக்கு வேற காசு. நாளைக்குக் காலமை நுகர்வோர் அதிகார சபையின்ர 1977 எண்ட ஃபோன் இலக்கத்துக்கு எடுக்கப்போறன், 68,000 ரூபாவுக்கு என்ன சொல்லுகினம் எண்டு பாப்பம்.