அழுக்கு என்று சொல்லிப் பழைய பஞ்சைத் தூக்கிப் போட்டார்கள், ஒன்பது மீன்கள் செத்தன

வீட்டில் ஏற்கெனவே மீன் வளர்ப்பவர்கள், பெரிய தொட்டிக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு மாற்றுங்கள். ஒரே வாரத்தில் எனக்கு ஒன்பது மீன்கள் போய்விட்டன. அதில் ஒன்றுக்குக்கூட நோய் கிடையாது. நான்கு வருடம் நன்றாக வளர்ந்த மீன்கள். மீன்கடைக்காரர் தவறாகச் சொன்னதும், அதை நான் கேள்வி கேட்காமல் நம்பியதும்தான் காரணம்.

பழையது 80 லிட்டர் தொட்டி. ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டியிருந்த சிலிக்கான் பசை விட்டுப்போய்த் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. இரண்டு ஏஞ்சல் மீன்களும் நன்றாக வளர்ந்துவிட்டதால், இதே சாக்கில் 150 லிட்டராக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அவற்றோடு கூட்டமாக நீந்துகிற சின்ன டெட்ரா மீன்கள் எட்டு, அடியில் மேய்கிற கோரி மீன்கள் நான்கு. தொட்டி வாங்கிய கடையிலேயே, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அமைத்துத் தருவதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். தெரிந்தவர்கள் செய்தால் மீனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

வந்தவர் முதலில் பழைய ஃபில்டரைத் திறந்தார். உள்ளே பஞ்சு காப்பி நிறத்தில், வழவழவென்று இருந்தது. "என்னக்கா இது, இவ்வளவு அழுக்குல எப்படி மீன் உயிரோட இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பஞ்சு குப்பைக்குப் போனது. அடியிலிருந்த கூழாங்கற்களைக் குழாயடியில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, வெள்ளையாகும்வரை தேய்த்தார். செடிகளையும் எடுத்துவிட்டார். புது ஃபில்டர், புதுப் பஞ்சு, புதுத் தண்ணீர். குளோரின் நீக்கும் மருந்தை அளவு பார்த்து ஊற்றினார், அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தார். கடைசியாக ஒரு சிறிய பாட்டிலைத் திறந்து பாதியை ஊற்றி, "இதுல பாக்டீரியா இருக்கு. 24 மணி நேரம் ஓடட்டும், நாளைக்கு எல்லா மீனையும் விட்டுடுங்க" என்றார். அந்த ஒரு இரவு மீன்கள் ஒரு வாளியில், காற்றுக் குமிழி விடுகிற காற்றுக்கல்லோடு இருந்தன.

அவர் அழுக்கு என்று எறிந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் மீந்த தீனியும் அழுகினாலும் அம்மோனியாதான். பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்கிற ஒரு கூட்டம் பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மண்ணில் இதே வேலையைச் செய்கிற நுண்ணுயிர்களை விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890 வாக்கிலேயே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். மீன் விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியாது என்றால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இந்த பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். ஒன்றுமே இல்லாத தொட்டியில் போதுமான அளவு வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். என் தொட்டியில் நான்கு வருடமாக வளர்ந்திருந்த அத்தனையும் ஒரு மணி நேரத்தில் குழாயடியில் போய்விட்டது. அதே 14 மீன்கள், அதே கழிவு, அதைத் தின்ன யாருமில்லை.

மீன்களை ஞாயிற்றுக்கிழமை விட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வந்தவர்களெல்லாம் எவ்வளவு அழகு என்றார்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, அதனால் தெளிவைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மாலை டெட்ராக்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஆளுக்கொரு மூலையில் நின்றன. புதன் காலை விளக்கைப் போட்டபோது எல்லாம் மேல்மட்டத்தில், வாய் தண்ணீர்மேல் பட்டும் படாமலும் இருக்க, வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பெரிய ஏஞ்சல் துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. செவுள் மூடி திறக்கும்போதெல்லாம் உள்ளே இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் இரண்டு டெட்ரா ஒட்டிக் கிடந்தன.

கடைக்கு ஓடினேன். தொட்டி வைத்து எத்தனை நாள் ஆனது என்று கடைக்காரர் கேட்கவில்லை, தண்ணீரைச் சோதித்தாயா என்றும் கேட்கவில்லை. "இன்ஃபெக்ஷன்கா" என்று ஒரே வார்த்தை. கையில் ஒரு நீல மருந்து பாட்டில். விலை கொடுத்து வாங்கி வந்து ஊற்றினேன். தொட்டி முழுக்க மை கொட்டினாற்போல நீலம், மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அது மெத்திலின் நீலம், தனி வாளியில் பயன்படுத்த வேண்டிய மருந்து. ஃபில்டர் ஓடுகிற தொட்டியில் ஊற்றினால், அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். இந்த இரண்டாவது தவறான ஆலோசனைக்கும் நான் பணம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் மூன்று டெட்ராக்களும் மூன்று கோரிகளும் போய்விட்டன.

வெள்ளி இரவு, மீன் வளர்க்கும் தோழி ஒருத்தி சோதனைப் பெட்டியோடு வந்தாள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் 5 மில்லி தொட்டித் தண்ணீர், அதில் சொட்டு மருந்து. நீலம் கலந்திருந்ததால் அவள் முதலில் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லி, நீலத்தை உறிஞ்ச ஃபில்டரில் கரி போட்டு இரவெல்லாம் ஓடவிட்டு, விடிந்த பிறகுதான் பார்த்தாள். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை என்று அர்த்தம். எங்கள் குப்பி ஐந்து நிமிடத்தில் கரும்பச்சை. லிட்டருக்கு 4 மில்லிகிராம். பாதித் தண்ணீரை மாற்றிய பிறகும் 4. அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவையும் அவள் பார்த்தாள். அது 8. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் விஷம். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் விஷ வடிவம் நூற்றுக்கு அரைப் பங்குதான். பிஎச் 8 ஆனால் ஐந்து பங்குக்கு மேல். அதே சோதனை அளவு ஒருவர் வீட்டில் மீனைத் தாங்க விடும், இன்னொருவர் வீட்டில் கொன்றுவிடும். "எங்க கடைல இப்படித்தான் செய்றோம், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சனிக்கிழமை காலையில் பாதி, மாலையில் பாதி என்று தண்ணீர் மாற்றினோம், வெப்பம் ஒத்துப்போகும்படி, குளோரின் நீக்கி. அன்று போன டெட்ராதான் கடைசி. தீனியை இரண்டு நாள் முழுவதும் நிறுத்தினோம். வளர்ந்த மீன் பட்டினியில் சாகாது, அம்மோனியாவில் சாகும். தோழி தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஞ்சில் பாதியை வெட்டி, அவள் தொட்டித் தண்ணீரிலேயே ஊற வைத்துக் கொண்டுவந்து என் ஃபில்டருக்குள் வைத்தாள். காப்பி நிறத்தில், வழவழவென்று. நான் எதைக் குப்பையில் போட விட்டேனோ அது.

நான்காம் நாள் அம்மோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது. அது இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் தடுக்கும், செவுள் பழுப்பாகும். சாதாரண உப்பிலிருக்கும் குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் என்பதால் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றினோம். கோரிக்கு உப்பு அதிகம் ஆகாது, அதனால் அதற்கு மேல் போகவில்லை. தினமும் சோதனை, தினமும் வாளி. மூன்றாவது வாரம் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தன.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "மீன் சாகுறது சகஜம்கா, அதான் பாக்டீரியா ஊத்துனோமே" என்றார்கள். அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. உயிருள்ள சரியான பாக்டீரியா கொண்ட பாட்டில்கள் இருக்கின்றன, உதவவும் செய்யும். ஆனால் வெயிலில் கிடந்ததா, காலாவதியானதா என்று வெளியிலிருந்து தெரியாது. கழிவை மட்டும் கரைக்கிற வேறு வகை பாக்டீரியாவையும் இதே பேச்சோடு விற்கிறார்கள். ஊற்றினாலும் வேலை செய்கிறதா என்பதைச் சோதனைக் குப்பிதான் சொல்லும். மீனை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

மாற்றுவது உண்மையில் எளிது, அதுதான் எனக்கு ஆறவில்லை. பழைய ஃபில்டரை அப்படியே புதுத் தொட்டியில் மாட்டி ஓட விட்டிருந்தால் போதும். புது ஃபில்டரும் வேண்டுமென்றால் இரண்டையும் ஒரு மாதமாவது சேர்த்து ஓட விடலாம். பஞ்சையும் ஃபில்டருக்குள் பாக்டீரியா ஒட்டி வாழ்கிற வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும். காய விடக் கூடாது, மூடிய டப்பாவில் மணிக்கணக்கில் வைக்கவும் கூடாது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். வாளியில் தொட்டித் தண்ணீரும் காற்றுக்கல்லும் இருந்தால் ஒரு நாள் தாங்கும். பழைய கல்லும் செடியும் கழுவாமல் கூடவே போகட்டும். பழைய தண்ணீரை மட்டும் கொண்டுபோய்விட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், பாக்டீரியா தண்ணீரில் மிகக் குறைவு. பஞ்சோடு மீனையும் அதே நாளில் புதுத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். இரண்டு வாரம் தீனியைப் பாதியாக்கி, தினமும் சோதித்து, அம்மோனியா 0.25 காட்டினாலே தண்ணீரை மாற்றுங்கள். அந்த நாட்களில் புது மீன் ஒன்றுகூட வேண்டாம்.

பழைய தொட்டியே இல்லாதவர்கள், மீனில்லாமல் அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி ஊற்றி, அப்படி ஊற்றிய 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகிவிடும் நிலை வரும்வரை காத்திருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதைச் சொல்லாமல் அன்றே மீனையும் சேர்த்து விற்கிற கடையில் தொட்டி வாங்காதீர்கள்.

இரண்டு ஏஞ்சல், இரண்டு டெட்ரா, ஒரு கோரி மிஞ்சின. கோரி கூட்டமாக வாழும் மீன், ஒற்றையாய் ஒரு மாதம் ஃபில்டருக்கு அடியிலேயே பதுங்கிக் கிடந்தது. போன வாரம்தான் அதற்கு ஐந்து துணைகளைச் சேர்த்தேன். தொட்டியின் நான்கு மூலைச் சிலிக்கானும் அந்த மருந்தின் நீலத்தை இன்னும் விடவில்லை.