கேள்வி கேக்கற மெடிக்கல் ஷாப் (தில்லைநகர், திருச்சி) – 4/5

இருபது பர்சென்ட் டிஸ்கவுன்ட் வேணும், ஆப்ல தட்டுனா வீட்டுக்கு வரணும்னு நெனைக்கறவங்களுக்கு இந்த கடை செட் ஆகாது, இப்பவே சொல்லிடறேன். இங்க பத்து பர்சென்ட்டுக்கு மேல ஒரு பைசா கொறைக்க மாட்டாரு ஓனர் அண்ணன். ஆனா ஆன்டிபயாடிக் வாங்கணும்னா நான் வேற எங்கயும் போறதில்ல.

காரணம் அவரு கேக்கற கேள்வி. சீட்டை நீட்டுனதும் எடுத்து குடுக்க மாட்டாரு, "வேற என்னென்ன மாத்திரை ஓடுது"ம்பாரு. எங்கப்பாவுக்கு ஹார்ட் வால்வு மாத்தி அசிட்ரோம்னு ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை போட்டுட்டு இருக்காரு, பல்லுல சீழ் வச்சதுக்கு ஒரு க்ளினிக்ல மெட்ரோனிடசோல் எழுதிட்டாங்க, அப்பா என்ன சாப்பிடறாருன்னு அங்க யாரும் கேக்கல, நாங்களும் சாதாரண பல்வலி தானேன்னு விட்டுட்டோம். இவரு தான் பார்த்துட்டு, தம்பி இது ரெண்டும் சேந்தா ரத்தம் ரொம்ப இளகிடும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கற டெஸ்ட் அளவு) ஏறி எங்கயாவது ரத்தம் கசியும், முதல்ல ஹார்ட் டாக்டருக்கு போன் போடுங்கன்னு அனுப்பிட்டாரு. டாக்டர் வேற ஆன்டிபயாடிக் மாத்தி குடுத்தாரு. அந்த சேல்ஸ் அவருக்கு போச்சு, கவலையே படல.

சரக்கு அடிக்கற விஷயத்துலயும் கூச்சமே கெடயாது, குடிப்பீங்களான்னு கவுன்டர்லயே கேட்டுடுவாரு. மெட்ரோனிடசோல், டினிடசோல் வகைன்னா மாத்திரை முடிஞ்சும் மூணு நாளைக்கு தொடாதீங்கம்பாரு, குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி பொரட்டி எடுக்கும்னு. அதுக்காக எல்லாத்துக்கும் பயமுறுத்தற ஆளும் இல்ல, அமாக்சிசிலினோட சரக்கு அப்படி நேரடியா மோதாது, ஆனா காய்ச்சலோட குடிச்சா ஒடம்பு தேற லேட் ஆகும்னு உள்ளத சொல்றாரு. எனக்கு புடிச்சதே இது தான். சில இருமல் சிரப்லயும் ஆல்கஹால் இருக்குன்னு பாட்டில திருப்பி காட்டுனாரு, எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் வாங்குனா இன்னும் ரெண்டு கேள்வி சேந்துக்கும். கால்சியம், இரும்பு மாத்திரை, ஜெலுசில் மாதிரி ஏதாவது போடறீங்களா, போட்டா அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே சிப்ரோவ போட்டுடுங்க, சேத்து போட்டா மருந்து ஒடம்புல ஒழுங்கா சேராதாம். அப்புறம் முதுகுவலிக்கு டைசானிடின் கலந்த மாத்திரை, நம்மூர்ல எக்கச்சக்க பேரு முழுங்கறாங்களே, அத சிப்ரோவோட சேத்து தரவே மாட்டாரு. பிபி தடாலடியா எறங்கிடும், டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்கன்னு முடிச்சுடுவாரு.

சீட்டு இல்லாம செஃபிக்சிம்ங்கற ஆன்டிபயாடிக் கேட்டு சண்டை போட்டவங்கள பார்த்திருக்கேன், அசைய மாட்டாரு. 2014ல இருந்து அது ஹெச்1 லிஸ்ட்ல (டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்துங்க லிஸ்ட்) இருக்கு, பேஷன்ட் பேரு டாக்டர் பேரு எல்லாம் நோட்டுல எழுதி மூணு வருஷம் வைக்கணும், இங்க நெஜமாவே எழுதறாங்க.

கொறைன்னா, மதியம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் ஷட்டர் எறக்கிடுவாங்க, பார்க்கிங் சுத்தமா இல்ல, கையால எழுதற பில்லு எனக்கு புரிஞ்சதே இல்ல. ஒரு ஸ்டார் கொறைச்சதுக்கு காரணம் வேற, அண்ணன் இல்லாதப்ப நிக்கற பையன் கேள்வியே கேக்காம எடுத்து குடுத்துடறான். அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க, வீட்ல ஓடற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, அவரே பார்த்துக்குவாரு.