நிற்காத புளோயருக்கு மோட்டாரை மாற்றச் சொல்கிறார்களா? கையெழுத்துப் போடாதீர்கள்

கார் ஏ.சி.யில் காற்றைத் தள்ளும் விசிறியான புளோயர், அணைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால், "மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லும் ஒர்க்ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கோவையில் ஒரு பெரிய ஒர்க்ஷாப் இதைச் சொல்லித்தான் என் அப்பாவிடம் 19,400 ரூபாய் வாங்கியது. கோளாறு அப்படியே இருந்தது.

எங்களுடையது ஆட்டோமேட்டிக் ஏ.சி. வண்டி. சாவியை எடுத்தாலும் புளோயர் முழு வேகத்தில் சுற்றியது. அந்த வேகத்தில் அது 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண கார் பேட்டரி சில மணி நேரம்கூடத் தாங்காது. காலையில் வண்டி கிளம்பாததற்குக் காரணம் அதுதான். ஆனால் ஒர்க்ஷாப்பில் பேட்டரியே பழுது என்று சொல்லி அதையும் புதிதாகப் போட்டார்கள். மோட்டாரும் புதிது. வண்டியை வெளியே எடுத்ததும் காற்று பழையபடி வீசியது. திரும்பப் போய்க் கேட்டால், ஏ.சி. கண்ட்ரோல் பேனலையும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் சூப்பர்வைசர். யார் பணத்தில் என்று அப்பா கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பல்லடத்தில் தனியாகக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க அண்ணா, ஓடுகிற மோட்டாரை எதற்கு மாற்றினார்கள்?"

கேள்வி அவ்வளவுதான். மோட்டாருக்குத் தானாக ஓடத் தெரியாது. மின்சாரம் வந்தால் ஓடும், நின்றால் நிற்கும். நிற்கவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்த வேண்டிய இடத்தில் கோளாறு. அவர் கிளவ் பாக்ஸைக் கழற்றி, புளோயரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாட்யூலில் மல்டிமீட்டரை வைத்தார். பேனலிலிருந்து ஓடச் சொல்லும் சிக்னல் எதுவும் வரவில்லை; ஆனால் மோட்டாருக்கு முழு 12 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. மாட்யூலின் கனெக்டரைப் பிடுங்கினார், புளோயர் நின்றது. மாட்யூல் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தது. பேனலில் குறையே இல்லை.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. கேபின் ஃபில்டரை வெளியே இழுத்தார். மில் பஞ்சும் தூசியும் சேர்ந்து மெத்தை போல அடைத்திருந்தது. அந்த மாட்யூலைக் குளிர்விப்பதே புளோயர் தள்ளும் காற்றுதான். காற்று குறைந்தால் சூடேறிக் கருகும். ஸ்பின்னிங் மில்லும் விசைத்தறியும் நிறைந்த நம் பக்கத்தில் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று எந்த சர்வீஸிலும் எங்களிடம் சொன்னதில்லை.

ஒன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் பேரிங் இறுகினால் அது கூடுதல் கரண்ட் இழுத்து மாட்யூலைக் கெடுப்பதும் உண்டு. ஆனால் அதை கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து சொல்ல வேண்டும். எங்கள் பழைய மோட்டாரை அளந்து பார்க்கவும் வழியில்லை. கேட்டபோது ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

சில வண்டிகளில் மாட்யூல் சரியாக இருந்து, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். ரிலேயைப் பிடுங்கியதும் புளோயர் நின்றால், அதே வகை ரிலே ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். எதுவானாலும், சரிசெய்யும் வரை புளோயர் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள், பேட்டரி தப்பும்.

பணத்தைத் திருப்பித் தரும்படி ஒர்க்ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டு அவகாசம் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். பதில் வராவிட்டால் திருப்பூர் ஆணையத்துக்குப் போகிறோம், பில்லும் எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த குறிப்பும் தயாராக இருக்கின்றன.